அக்காவின் கரணை

வாளியைக் காரின் டிக்கியிலேயே கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார் ரூஃபஸ். முழங்காலுக்குக் கட்டும் மெத்தை ஒரு ஜோடி, தேய்ந்துபோன பல்துலக்கிகள், தண்ணீர் பீய்ச்சும் குப்பி, வெயில் தொப்பி, பாதி தீர்ந்த பெப்பர்மிண்ட் பொட்டலம். அக்காவின் சாமான் எல்லாம் இருந்தது. மண்ணைச் சுரண்டும் கரணை மட்டும் இல்லை.

தேவாலய வாசலில் கார்கள் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டன. உள்ளே வெர்னெட்டா அக்கா பெட்டியில் படுத்திருந்தாள். ஊதா நிற உடுப்பு அவளே எடுத்துவைத்தது. கையில்தான் ஒன்றும் இல்லை. சவ ஏற்பாட்டுக்காரர் இரண்டு தடவை வந்து மெல்லிய குரலில் கேட்டுவிட்டுப் போனார்.

"கிடைச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே ரூஃபஸின் மனைவி கோரா வந்தாள். தொப்பி காற்றில் பறக்காமல் ஒரு கையால் பிடித்திருந்தாள்.

"இல்ல."

"பார்க் ஆளுங்க வாளியைக் கொண்டுவந்து குடுத்தப்பவே பார்த்திருக்கலாமில்ல?"

"எப்ப பார்க்கச் சொல்ற? ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே குடியிருந்தேன். வாளியை டிக்கியில போட்டது கூட எனக்கு ஞாபகம் இல்ல."

"போன் போட்டுக் கேளுங்களேன்."

"அவங்க நம்பரெல்லாம் அக்கா போன்ல கிடக்கு. அது பூட்டியிருக்கு. அந்தப் பூட்டைத் திறக்கறவ உள்ள படுத்திருக்கா."

கோரா பெருமூச்சு விட்டாள். "பைபிளை வச்சுடலாங்க. யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க."

வைத்துவிடலாம்தான். ஆனால் அக்கா கேட்டது அது இல்லையே. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு என்ன சொன்னாள்? "பைபிளையெல்லாம் கையில திணிச்சுடாதீங்க, அது எனக்கு மனப்பாடம். என் கரணையைக் குடுங்க" என்றாள்.

"என்னக்கா பேச்சு இது?"

"அங்க போயி சும்மா உக்காந்திருக்கச் சொன்னா எனக்கு ஆவாதுடா. வைப்பியா, மாட்டியா?"

"வைக்கிறேன்."

"உன் வாயிலேருந்து ஒரு சரி வாங்க நான் சாகவேண்டியிருக்கு பாரு" என்று சிரித்தாள். சிரித்தது இருமலில் போய் முடிந்தது. மறுநாள் பேச்சு நின்றுபோனது.

ரூஃபஸ் டிக்கியைச் சாத்தினார். "பத்து நிமிஷ வழி. போயிட்டு வந்துடறேன். பாஸ்டர் கேட்டா ஏதாவது சொல்லிச் சமாளி."

"எங்க, அங்கயா?" என்றாள் கோரா. அவர் வண்டியை எடுத்தார்.

கோரா அப்படிக் கேட்டதில் நியாயம் உண்டு. சனிக்கிழமை தவறாமல் அக்காவைப் பூங்காவில் கொண்டுபோய் விட்டவர் ரூஃபஸ்தான். ஆனால் வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. கதவைத் திறந்துவிடுவார், வாளியை எடுத்துக்கொடுப்பார், திரும்பிவிடுவார். இந்த மேரிலாந்துப் பக்கத்தில் பூங்காவுக்கா பஞ்சம்? ஊஞ்சல், சறுக்கு மரம், கோழி சுட்டுத் தின்ன அடுப்பு, குழந்தைகள் பந்தாட்டம் என்று எல்லாம் இங்கேயும் உண்டு. ஒரு காலத்தில் இது புகையிலைப் பண்ணை. குன்றின்மேல் நிற்கும் பண்ணை முதலாளியின் பெரிய வீட்டை டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். அந்த வீட்டுக்குப் பின்னால், சரிவில், கறுப்பு அடிமைகள் இருந்த குடிசைகளின் சுவடுகூட மேலே தெரியாது. அதைத்தான் பூங்காக்காரர்கள் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்தார்கள். ஊர்க்காரர்கள் தொண்டுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்ற வெர்னெட்டா, வீட்டில் காலை நீட்டி உட்காராமல் அங்கே போய் ஒட்டிக்கொண்டாள்.

"ஒரு நாளாச்சும் இறங்கி வந்து பாரேன்டா. சல்லடையில என்னென்ன நிக்குதுன்னு பார்த்தா அசந்துபோயிடுவ."

"உடைஞ்ச பீங்கானும் துருப்பிடிச்ச ஆணியும்தானே? நம்ம வீட்டுக் குப்பையிலேயே பார்த்துக்கிறேன்."

"நம்ம ஆளுங்க வாழ்ந்த இடம்டா."

"அதுக்கு எழுத்து இருக்கா?"

"இல்லைன்னு சொல்றதுக்கும் எழுத்து இல்லையே."

அப்போதுதான் ரூஃபஸுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "அந்த மண்ணுல நம்ம ஆளுங்க மண்டி போட்டதெல்லாம் போதும்க்கா. நான் போடமாட்டேன். கூலி இல்லாம அங்க உழைச்சவங்க போதாதுன்னு நீ வேற போய் கூலி இல்லாம உழைக்கிற."

அக்கா அதற்கெல்லாம் அசரமாட்டாள். "அவங்களால வெளிய போக முடியல. நான் சாயங்காலமானா வீட்டுக்கு வந்துடறேனே" என்பாள். ஒரு நாள் மண்ணாலான புகைக்குழாய்த் துண்டு ஒன்று கிடைத்தது, அதில் யாரோ கடித்த பல்லின் தடம் இருந்தது என்று இரவுச் சாப்பாட்டில் அதே பேச்சு. "யாரு பல்லோ! வேலையெல்லாம் முடிச்சுட்டு நிம்மதியா ஒரு இழுப்பு இழுத்திருக்கான்டா." ரூஃபஸ் தலை நிமிராமல் சாப்பிட்டார். இப்போது வண்டி ஓட்டும்போது, நிமிர்ந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இருந்தது. அந்தக் குழிக்குள்தான் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள்.

பூங்காவில் மழைக்கு முந்தைய ஈரக்காற்று. வண்டி நிறுத்துமிடத்தில் கறுப்பு உடை உடுத்திய இரண்டு பெண்கள் தேவாலயத்துக்குக் கிளம்பி நின்றார்கள். ஒருத்தி ஹெலன், தோண்டல் வேலைக்கெல்லாம் பொறுப்பு. இன்னொருத்தி டெசா, கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்தவள். அக்காவோடு ஒரே குழியில் வேலை பார்த்தவள். இருவரையும் ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தார்.

"ரூஃபஸ் சார்! நீங்க எப்படி இங்க? அங்க இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றாள் ஹெலன்.

"அக்காவோட கரணை வாளியில இல்லம்மா. கையில வைக்கணும்னு கேட்டா. இங்க விட்டுட்டுப் போயிருக்காளான்னு..."

டெசாவின் முகம் வெளுத்துப்போனது. ஹெலன் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் சார்" என்றாள் டெசா. "நான்தான் எடுத்து வச்சிருந்தேன். நேத்து அதைக் குழியில போட்டுட்டேன்."

"குழியிலயா?"

ஹெலன்தான் விளக்கினாள். தோண்டி முடித்த குழியை அப்படியே விடமாட்டார்கள். அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் விரித்து, அதன்மேல் இந்த வருஷத்துச் சாமான் ஒன்றை வைத்து, மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். நூறு வருஷம் கழித்து எவனாவது மறுபடி தோண்டினால், இந்த ஆழம்வரைக்கும் முன்னாலேயே ஆள் வந்து பார்த்தாச்சு என்று அவனுக்குத் தெரியவேண்டும். வழக்கமாக ஒரு புதுக் காசு வைப்பார்கள்.

"வெர்னெட்டாம்மா குழிக்கு வெறும் காசு வைக்க எனக்கு மனசு வரல சார்" என்றாள் டெசா. "அவங்க கரணையே அங்க இருக்கட்டும்னு நினைச்சேன். அவங்க கேட்டது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ரூஃபஸுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. எத்தனை நாளாகத் தூங்கவில்லை! எல்லாரும் நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், அதுதான் இந்த மாதிரி நேரத்தில் பெரிய தொல்லை. பேசாமல் திரும்பிப் போய்ப் பைபிளை வைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அக்கா எழுந்து வந்தா கேட்கப்போகிறாள்?

வாழ்க்கையில் அவளுக்குச் சொன்ன ஒரே சரி.

"தோண்டி எடுக்கமுடியுமா?" என்று கேட்டார்.

"நேத்துப் போட்ட மண்தானே, இன்னும் இறுகியிருக்காது. டெசா, ரெண்டு மண்வெட்டி எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு ஹெலன் அங்கேயே நின்று செருப்பைக் கழற்றிப் பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

சரிவில் நடந்தபோதுதான் அந்த இடம் எவ்வளவு சின்னது என்று ரூஃபஸ் பார்த்தார். கயிறு கட்டிய நாலு மூலை, நடுவில் புதுமண். அவர் வீட்டுச் சமையலறைகூட இதைவிடப் பெரிது. இதில் எத்தனை பேர் படுத்தார்களோ! இரண்டு பெண்களும் கறுப்புக் கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டெசா காட்டிய மூலையில் மண்ணை வாரிப் போட்டார்கள். ரூஃபஸ் கயிற்றுக்கு வெளியே நின்றார். தூரத்தில் ஊஞ்சல் கிரீச்சிட்டது. ஏதோ குழந்தை இன்னும் வேகமாக ஆட்டச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது.

குழி இடுப்பளவு இறங்கியதும் ஹெலன் கையைத் தூக்கினாள். "போதும். இதுக்கு மேல மண்வெட்டி கூடாது."

"ஏன்?"

"ஷீட்டு கிழிஞ்சா, கீழ யாரும் தொடாத மண்ணுல வெட்டு விழும். இனிமே கையாலதான் எடுக்கணும். மண்டி போட்டு."

டெசா குழிக்குள் மண்டி போடப் போனாள். ரூஃபஸ் கோட்டைக் கழற்றிக் கயிறு கட்டிய கம்பின்மேல் போட்டார்.

"நகரும்மா. நான் இறங்குறேன்."

"சார், உங்க துணி..."

"நகரு."

டெசா மேலே ஏறி, ரூஃபஸின் காருக்கு ஓடிப்போய் டிக்கியிலிருந்து அக்காவின் முழங்கால் மெத்தையைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் அக்காவின் முழங்கால் அழுத்தி அழுத்தி இரண்டு குழி விழுந்திருந்தது. ரூஃபஸ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது அவளோடது. அப்படியே இருக்கட்டும்."

குழிக்குள் இறங்கினார். ஒரு கையைக் குழிச் சுவரில் ஊன்றி, முதலில் வலது காலை மடக்கினார். அப்புறம் இடது. மண் சில்லென்றிருந்தது. கால்சட்டை வழியாக ஈரம் உடனே ஏறியது. அறுபத்தைந்து வயசு வரைக்கும் போடாத மண்டி. அம்மா, எவ்வளவு வலி! மூட்டுதான் வலித்தது என்று சொல்லிக்கொண்டார். விரலால் மண்ணை ஒதுக்கினார், இரண்டு கையாலும் அள்ளி வெளியே போட்டார், மறுபடி ஒதுக்கினார். அவருடைய மூச்சுதான் அவருக்கே கேட்டது. இங்கேதான் அக்கா குனிந்திருப்பாள். இந்தப் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் விழுந்திருப்பாள். "அக்கா" என்று வாய்விட்டுச் சொன்னார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை சுத்தமாக இல்லை, அப்படியே விட்டுவிட்டார்.

விரலில் மரப்பிடி தட்டுப்பட்டது.

கொத்தனார் வைத்திருக்கும் அதே கரணைதான், அளவில் சின்னது. ஓரம் தேய்ந்து பளபளத்தது. பிடியில் அவள் சுற்றிய நீல டேப்பு அப்படியே இருந்தது.

எழுந்திருக்க டெசா கை கொடுத்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. "இப்ப இதுக்குப் பதிலா ஏதாவது வைக்கணுமே?" என்றார்.

"நான் ஒரு காசு வச்சுடறேன் சார். நீங்க கிளம்புங்க, நேரமாகுது."

"அந்தக் கோட்டைக் குடும்மா."

கோட்டின் நெஞ்சுப் பக்கத்தில், குடும்பத்தார் எல்லாருக்கும் குத்திவிட்ட, அக்காவின் படம் போட்ட வட்டப் பொத்தான் இருந்தது. அதில் அக்கா பல் தெரியச் சிரித்தாள். கீழே பிறந்த தேதி, அதற்குப் பக்கத்தில் போன வாரத்துத் தேதி. அதைக் கழற்றி ஷீட்டின்மேல், முகம் மேலே பார்க்க வைத்தார்.

"இதுல வருஷம் போட்டிருக்கு" என்றார். "போதும்ல?"

"போதும் சார்" என்றாள் ஹெலன்.

அவள் ஒரு பிடி மண்ணை எடுத்து ரூஃபஸிடம் கொடுத்தாள். அவர் அதைப் பொத்தானின்மேல் தூவினார். அப்புறம் அவர்கள் மண்வெட்டியை எடுத்தார்கள்.

தேவாலயத்தில் முதல் பாட்டு முடிந்திருந்தது. நடுவழியில் நடந்துபோன ரூஃபஸை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் சவ ஏற்பாட்டுக்காரர் வெள்ளைக் கைக்குட்டையை நீட்டினார், கரணையைத் துடைக்க. ரூஃபஸ் வாங்கித் துடைத்தார். சாயங்காலமானால் சாமானைத் துடைக்காமல் அக்கா வீட்டுக்கு வரமாட்டாள். நீல டேப்பு உள்ளங்கையில் படும்படி அவள் விரல்களை மடக்கிவிட்டார். விரல்கள் மடங்கின.

முன்வரிசையில் கோரா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"ஏங்க இவ்வளவு நேரம்? பாஸ்டர் மூணு தடவை கேட்டுட்டாரு" என்று கிசுகிசுத்தாள். "பொத்தான் எங்க?"

கோராவின் கண் அவர் நெஞ்சிலிருந்து கீழே இறங்கியது. கறுப்புக் கால்சட்டையில், இரண்டு முழங்காலிலும், தட்டு அளவுக்குச் செம்மண். இன்னும் காயவில்லை. தட்டிவிடப் போனவள், கையை அந்தரத்தில் நிறுத்தினாள். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பாஸ்டர் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். ரூஃபஸ் எழுந்தார்.