நாற்பத்தேழு பேரும் நின்ற வகுப்பு

ஜெயஸ்ரீயின் குரல் உதட்டைத் தாண்டினாலே பெரிய விஷயம். அவள் அம்மா பூவம்மாள் குரோம்பேட்டையில் மீன் கூடையை இறக்கி வைத்துக் கூவினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அந்தக் குரலில் மகளுக்குத் துளிகூட வரவில்லை. அப்படிப்பட்டவள்தான் பி.எஸ்ஸி. கணக்கு முடிக்கிற கையோடு பி.எட். படிக்க ஆசைப்பட்டாள்.

படித்துவிட்டு, பிள்ளைகள் முன்னால் வாய் திறக்க முடியாமல் போனால்? முதலில் வகுப்பறையைப் பார்த்துவிடுவோம் என்று பக்கத்துப் பள்ளியில் கெஞ்சி அனுமதி வாங்கினாள். ஒன்பது நாளாக ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் ‘பெஞ்சு மிஸ்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

விண்ணப்பம் கொடுக்க நாளை கடைசி நாள். எழுதி முடித்த பாரம் பைக்குள் இருந்தது. இன்று ஒரே ஒரு வகுப்பு எடுக்க முடிந்தால் கொடுப்பது. இல்லாவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு, வாய் பேசத் தேவையில்லாத கம்ப்யூட்டர் வேலை எதையாவது தேடுவது. அவளே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம் இது.

கணக்கு வாத்தியார் பக்தவச்சலம் சாக்பீஸை நீட்டினார். “இன்னிக்கு பின்னம். நீங்களே ஆரம்பிங்கம்மா,” என்று சொல்லிவிட்டு, அவளுடைய கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாற்பத்தேழு பேரும் எழுந்து, “குட் மார்னிங் மிஸ்” என்று ராகம் போட்டார்கள். அத்தனை கண்களைப் பார்த்ததும் ஜெயஸ்ரீக்குப் பயம் வந்துவிட்டது. சட்டென்று திரும்பிக் கரும்பலகையோடு பேசத் தொடங்கினாள். பாதி, கால், முக்கால் என்று எழுதித் தள்ளினாள். பலகைக்கு நன்றாகப் புரிந்திருக்கும். பத்து நிமிடம் கழித்துத் துணிந்து திரும்பினால், வகுப்பு மொத்தமும் நின்றுகொண்டிருந்தது.

“ஏன் நிக்கிறீங்க?”

“நீங்க உட்கார சொல்லவே இல்லியே மிஸ்,” என்றான் முன்வரிசை குணா. “இன்னா தப்பு பண்ணோம்னே தெரியாம நின்னுகினு கீறோம்.”

ஜெயஸ்ரீக்கு முகம் சிவந்தது. அடக்க முடியாமல் சிரிப்பும் வந்தது. சிரித்ததும் பாதி பயம் ஓடிப்போனது.

“தப்பு என்னுது. ஆனா எல்லாரும் ஒண்ணா உட்காரக் கூடாது. பாதிப் பேர் மட்டும் உட்காருங்க.”

அவ்வளவுதான், வகுப்பு சந்தைக்கடையானது. இந்தப் பக்கம் இருபத்துமூன்று, அந்தப் பக்கம் இருபத்துமூன்று. குணா மட்டும் மிச்சம். உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல் முழங்காலை மடக்கித் தொங்கினான்.

“நான் பாதி மிஸ். சீக்கிரம் சொல்லுங்க, கால் வலிக்குது.”

கடைசி பெஞ்சில் பக்தவச்சலம் எழுந்தார். “என்னையும் சேத்துக்கோங்க மிஸ். நாப்பத்தெட்டு.”

இருபத்துநான்கு பேர் உட்கார்ந்தார்கள். நிற்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு உட்காரச் சொன்னாள். விரல் விட்டு எண்ணி எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். மிச்சம் பதினாறில் கால்வாசி உட்காரும்போது பக்தவச்சலமும் மெல்ல உட்காரப் பார்த்தார். “சார், நாலு பேர் ஆயிடுச்சு, எழுந்திருங்க,” என்று பிள்ளைகள் அதட்டினார்கள். மனிதர் மறுபடியும் எழுந்து நின்றார்.

“யாரும் தள்ளாதீங்க, நல்லா எண்ணுங்க,” என்று ஜெயஸ்ரீ போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு யேசுதாசன் சார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அது தன் குரல்தான் என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. சந்தோஷம் தாங்கவில்லை. மணி அடித்தும் ஒருவரும் நகரவில்லை.

“நாளைக்கும் நீங்கதான மிஸ்?” என்று கேட்டான் குணா.

“நாளைக்கு வர முடியாதுடா. டீச்சருக்குப் படிக்கணும்ல, அதுக்குப் பாரம் குடுக்கப் போறேன்.”

குணா அவளை மேலும் கீழும் பார்த்தான். “அப்ப நீங்க இன்னும் டீச்சருக்கு படிக்கவே இல்லியா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“பரவால்ல மிஸ்,” என்று பெரிய மனது பண்ணினான் அவன். “நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்.”