ஒச்சாயியின் பத்து ஆடு

திண்டுக்கல் வெங்காய மண்டியில் ஞாயிற்றுக்கிழமை லோடு கிடையாது. ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். உள்ளே வருகிற அந்தப் பாதி வெளிச்சத்தில், வெங்காயச் சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு, சிமெண்டுத் தரையில் சாக்பீசால் ஒரு ரோடு போடுவான் செபஸ்தியான். ரோடு ஆயக்குடியில் கிளம்பி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், வடமதுரை என்று வளைந்து வளைந்து அய்யலூர் ஆட்டுச்சந்தையில் போய் முடியும். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. அதுதான் ஆடு. நடுவில் ஆறு சோழி.

யார் கண்டுபிடித்த ஆட்டம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மழைக்கு லாரி வராத ஒரு நாளில் சுமைதூக்கிகள் நாலு பேர் தாயம் ஆடி அலுத்துப்போய், பேச்சுவாக்கில் ஆரம்பித்தது. ஆட்டத்துக்குள் யாரும் தானாக இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் கண்டிப்பு. பொம்மையன் மடிப்புக் கலையாத வேட்டி கட்டிய மைனர். ஜெகபர் அலி ரிட்டயரான போலீஸ் ஏட்டு, கோழி குறுக்கே போனாலும் கேஸ் எழுதுகிறவர். ஆண்டனிராஜ் ஆறடி ஆள், ஒரே நடையில் இரண்டு மூட்டை தூக்குகிறவன். அவன்தான் ஒச்சாயி. மாமியாரோடு சண்டை போட்டு, தாய்வீட்டுச் சீராக வந்த பத்து ஆட்டையும் ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்ட புதுப்பெண்டாட்டி. குரலை மெல்லிசாக ஏற்றி, இல்லாத முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பேச ஆரம்பித்தால் பக்கத்து மண்டி வாட்ச்மேன் ஷட்டருக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்ப்பார்.

செபஸ்தியானுக்கு ஆடு கிடையாது. அவன் வழிக்காரன். சோழி எத்தனை மல்லாந்து விழுகிறதோ அதைப் பார்த்து, வழியில் என்ன வந்தது என்று சொல்ல வேண்டியவன். ஒன்று விழுந்தால் நாய்க்கூட்டம், இரண்டு திருடன், மூன்று கொய்யாத்தோப்புக் காவல்காரன். எது வந்தாலும் ஆடு குறையும், எத்தனை என்பது வழிக்காரன் சொல்வது. அதற்கு மேல் விழுந்தால் வழி சுத்தம். அதை அவன் வெறுமனே சொல்ல மாட்டான். எந்தப் புளியமரத்து நிழலில் திருடன் படுத்திருந்தான், கையில் என்ன வைத்திருந்தான் என்பதுவரை சொல்வான்.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம் மாசி மாதத்தில், லாரிக்கும் திண்டுக்கும் நடுவே போட்டிருந்த பலகை, மூட்டையோடு போன ஆண்டனிராஜின் காலடியில் நழுவியது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் போனது.

அகரத்தில் அவன் வீட்டுக்கு மூன்று பேரும் இரண்டு தடவை போனார்கள். முதல் தடவை அவன் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தான். இரண்டாம் தடவை அவன் மனைவி கிளாராவே வாசலுக்கு வந்து நிறுத்திவிட்டாள். தப்பா நினைக்காதீங்கண்ணே, யாரும் வந்து பார்க்க வேண்டாம் என்கிறார், காலைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்க்கிறார்களாம், அது தாங்கவில்லையாம் என்றாள். வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

அதற்குப் பிறகு நாலு மாசம் தரையில் ரோடு விழவில்லை. செபஸ்தியானுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தாலே உடம்பு வலித்தது. மற்ற ஆறு நாளும் மூட்டை அமுக்கி வைத்திருந்த வலி அது.

ஆடியில் ஜெகபர் அலி ஒரு சைனா செல்போன் செட்டு வாங்கி வந்தார். ஸ்பீக்கரைப் போட்டால் திருவிழாக் குழாய் மாதிரி அலறும். அதைக் கண்டதும் செபஸ்தியானுக்கு ஒரு யோசனை. கிளாராவிடம் ஒரு செல் இருந்தது. வந்துதான் பார்க்கக் கூடாது என்றான், பேசக் கூடாது என்று சொல்லவில்லையே.

அந்த ஞாயிறு ரோடு போட்டு, கொட்டைகளைப் பரப்பி, ஒச்சாயியின் பத்தையும் அதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் போன் போட்டான். நலம் விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பில் கதைக்குள் போனான்.

“ஆயக்குடி தாண்டியாச்சு. ஒச்சாயியக் காணோம்னு ஏட்டு தேடிக்கிட்டு வாராரு.”

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு கோழி கொக்கரித்தது. ஜெகபர் அலி செட்டைத் தூக்கி, லைன் இருக்கிறதா என்று பார்த்தார்.

“ஏட்டுக்கு வேற சோலி இல்லையாக்கும்” என்றது மெல்லிசான குரல். “பொம்பள தனியா நடந்தா பின்னாலயே வரணுமா?”

பொம்மையன் எழுந்துபோய் ஷட்டருக்கு வெளியே செத்த நேரம் நின்றுவிட்டு வந்தான்.

போனில் ஆடுவதற்கு வழக்கம் ஏதும் இல்லை. அவர்களாகத்தான் உண்டாக்கிக்கொண்டார்கள். செட்டைத் தரையில் வைத்தால் இரைந்தது, வாளிக்குள் வைத்தால் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி கேட்டது. கடைசியில் சாக்கை மடித்து அதன் மேல் வைத்தார்கள். ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினால் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதனால் பேசுகிறவன் முதலில் தன் பேரைச் சொல்ல வேண்டும் என்று ஏட்டு சட்டம் போட்டார். சிரித்தால்கூட யார் சிரிக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. அங்கே கிளாரா புடைக்கிற சுளகு ஒன்றில் ரோட்டை வரைந்து, பத்துக் கொட்டையை வைத்து, அவன் நெஞ்சுக்கு எதிரே சாய்த்துக் கொடுத்திருந்தாளாம். சோழியை மட்டும் அவனுக்காகச் செபஸ்தியான் உருட்டினான்.

முதல் உருட்டலில் ஒச்சாயிக்கு இரண்டு விழுந்தது. திருடன். செபஸ்தியான் வாயைத் திறப்பதற்குள் பொம்மையன் தன் கொட்டையில் ஒன்றை எடுத்து வெளியே போட்டான். சத்தம் வராமல், அது எனக்கு விழுந்தது என்று கையைக் காட்டினான்.

சுமைதூக்கிகளுக்குள் இது பேசி வைக்கிற விஷயம் இல்லை. ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்கள் அவன் மூட்டையையும் சேர்த்து ஏற்றிவிடுவார்கள். அவன் பேர் கூலிச் சிட்டையில் இருக்கும், அவன் உட்கார்ந்திருப்பான், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அதே கைதான் இப்போதும் நீண்டது. ஒச்சாயிக்கு வந்த நாயை ஏட்டு வாங்கிக்கொண்டார், காவல்காரனை மைனர் வாங்கிக்கொண்டான். செபஸ்தியான் பொய்யாக ஒரு நல்ல வழியைச் சொன்னான். வழிக்காரன் சொன்ன முதல் பொய். சொல்லும்போது மனசு நிறைந்துதான் இருந்தது.

மூன்று ஞாயிறு இப்படிப் போனது. மூன்றாவது ஞாயிறு, வடமதுரை தாண்டுகிற இடத்தில், ஒச்சாயி ஏட்டிடம் ஆடு எத்தனை என்று கேட்டாள். நாலு என்றார். மைனரிடம் கேட்டாள். இரண்டு என்றான்.

“எனக்குப் பத்து.” இப்போது பேசியது ஆண்டனிராஜ். “ஆயக்குடியில பத்து. இங்கயும் பத்து. மாமியாகூடச் சண்ட போட்டு வந்தவளுக்கு ஒரு நாய்கூடக் குறுக்க வரல. அப்படித்தான, செபஸ்தி?”

செபஸ்தியான் அது ஒச்சாயியின் ராசி என்றான். சொன்ன குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

“ஏலே, உங்களோட பதினாலு வருசம் தூக்கியிருக்கேன். உங்க கை எங்க போகும்னு எனக்குத் தெரியாதா? என்னைய மூட்டையாக்கிட்டீங்கல்ல.”

போன் அறுந்தது. மறுபடி போட்டால் சுவிட்ச் ஆஃப் என்றது. திங்களும் அப்படியே, செவ்வாயும் அப்படியே.

அந்த வாரம் செபஸ்தியான் தூக்கிய ஒவ்வொரு மூட்டையும் அதையே அவனைக் கேட்டது. போய்ப் பார்க்கலாம் என்றால் வராதே என்று சொல்லியிருக்கிறான். பேசலாம் என்றால் அந்த ஒரு நூலையும் தாங்களே அறுத்துக்கொண்டாயிற்று. நல்லது என்று நினைத்துச் செய்ததுதான் என்று ஜெகபர் அலி சமாதானம் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் அவருக்கே சமாதானம் இல்லை. ஆண்டனிராஜ் இனி எந்த ஞாயிறும் வர மாட்டான் என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளாரா மண்டிக்கு வந்தாள். தலையில் துண்டைப் போட்டபடி ஓரமாக நின்று, செபஸ்தியான் மூட்டையை இறக்கும்வரை காத்திருந்தாள்.

“சோழியக் கேட்டாருண்ணே. அது உங்ககிட்ட இருக்கக் கூடாதாம். அங்க இருக்கணுமாம்.”

அவன் சாப்பிடுகிறானா என்று கேட்டான் செபஸ்தியான். நேற்று வரைக்கும் சரியாக இல்லை, இன்றைக்குக் காலையில்தான் சோழி வாங்கிட்டு வா என்று வாயைத் திறந்தார் என்றாள். ஆறு சோழியையும் தன் தோள்துண்டின் முனையில் முடிந்து, துண்டோடு கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை இவர்கள் போடுவதற்கு முன்னாலேயே அங்கிருந்து போன் வந்தது. விட்ட இடத்தில் இருந்துதான் ஆட்டம், எல்லோருக்கும் நானே உருட்டுவேன் என்று ஆண்டனிராஜ் அறிவித்தான். அங்கே ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருந்தான். சோழி அதில் விழுகிற சத்தம் மண்டி முழுக்கக் கேட்டது. அவன் எண்ணைச் சொன்னான், செபஸ்தியான் வழியைச் சொன்னான். ஒச்சாயிக்கு ஒன்று விழுந்தது. செபஸ்தியான் பல்லைக் கடித்துக்கொண்டு, பாலத்துக்கு அடியில் இருந்து ஐந்து நாய்களைக் கிளப்பிவிட்டான். மூன்று ஆடு போனது. ஒச்சாயி நடுரோட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். மாமியார், ஏட்டு, நாய்களின் ஆத்தாள் என்று ஒருத்தரையும் விடவில்லை. பொம்மையன் சிரித்து, சிரிக்கிறது மைனர் என்று பேர் சொல்ல மறந்து ஏட்டிடம் கேஸ் வாங்கினான்.

அடுத்த சுற்றில் மைனருக்கு மூன்று விழுந்து இரண்டில் ஒரு ஆடு போனது. ஒற்றை ஆட்டோடு அய்யலூர் எல்லைக்கு வந்தான். அதுவும் போனால் மைனர் ஆட்டத்திலேயே இல்லை. அவனுக்காகச் சோழி உருண்டது. சத்தம் அடங்கி, எண்ண வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆனது.

“மைனருக்கு ஆறு. வழி சுத்தம்” என்றான். மறுபடி உருட்டினான். “ஒச்சாயிக்கு ரெண்டு. திருடன்.”

பின்னால் இருந்து கிளாராவின் குரல் கேட்டது. “அண்ணே, இவரு சோழியப் பாத்துக்கிட்டே பொய் சொல்றாரு. மைனருக்குத்தான் ரெண்டு. இவருக்கு ஆறு.”

செபஸ்தியானுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதற்காகத்தானே ஒரு வாரம் போனை அணைத்துப் போட்டாய் என்று கேட்டான். என் ஆட்டுக்கு என்ன வருகிறதோ வரட்டும் என்று பொம்மையனும் முறைத்துக்கொண்டான்.

“நீங்க மட்டும்தான் தூக்குவீங்களாடா?” என்றான் ஆண்டனிராஜ். “அவன்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. எங்கிட்ட ஏழு இருக்கு. இதத் தூக்க முதுகா வேணும்?”

பொம்மையன் தன் ஒற்றைக் கொட்டையை எடுத்து வெளியே வைக்கக் கையை நீட்டினான். ஜெகபர் அலி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பேரும் வழிக்காரனைப் பார்த்தார்கள். செபஸ்தியான் ஒச்சாயியின் குவியலில் இருந்து ஒரு கொட்டையை எடுத்து ரோட்டுக்கு வெளியே வைத்தான். சந்தைக்கு முக்கால் மைல் இருக்கும்போது முள்ளுக்காட்டில் இருந்து ஒருத்தன் வந்தான், கையில் சுருக்குக்கயிறு வைத்திருந்தான், மைனரின் ஆட்டைத்தான் முதலில் பார்த்தான் என்று சொன்னான்.

“பாத்தவன், அத விட்டுட்டு ஒச்சாயி ஆட்டப் புடிச்சிட்டுப் போனான். ஒச்சாயிக்கு இனி ஆறு ஆடு.”

“சரி” என்றான் ஆண்டனிராஜ். “அடுத்து ஏட்டு.”

தட்டில் சோழி விழுந்தது.