ஓல்ட்மன் எழுந்துகொண்ட ஞாயிறு

சில வருடங்களுக்கு முன் இன்னொரு தீவுக்காரர்கள் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பை விட்டுக் கிளம்பினார்கள். கிளம்புகிறோம், கிளம்புகிறோம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்று வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். கிரீன்லாந்தின் பாமியூத் ஊரில் தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து தினமும் அந்தச் செய்தியைப் பார்த்த ஜூடிதா பெட்ருஸ்ஸன் சிரித்த சிரிப்பில், துறைமுகத்தில் கட்டியிருந்த படகுகள் எல்லாம் ஒருமுறை ஆடி நின்றன.

"இவங்களுக்கு ஒரு காபி போட்டுக் குடுக்க ஆளில்ல போல" என்றாள் டிவியைப் பார்த்து.

சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. கிரீன்லாந்து இதே கூட்டத்தை விட்டு வெளியே வந்தபோது, பேசப் போன குழுவில் அவளும் ஒருத்தி. அப்போது நாற்பதைத் தொட்டிருந்தாள். தலை முழுக்கக் கருப்பு, மூட்டு வலி கிடையாது, வாய் மட்டும் இப்போது இருப்பதைப் போலத்தான்.

அந்தக் காலத்தில் அதைப் பொதுச்சந்தை என்பார்கள். டென்மார்க் அதில் சேர்ந்தபோது, வேண்டாம் வேண்டாம் என்று கத்திய கிரீன்லாந்தையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. பிறகு சுயாட்சி வந்தது. ஓட்டெடுப்பு வந்தது. மயிரிழையில் 'வெளியேறு' ஜெயித்தது. அந்த மயிரிழை ஜூடிதாவின் படுக்கையறைக்கு நடுவே ஓடியது. கட்டிலில் அவள் பக்கம் வெளியே, கணவன் ஏனோக் பக்கம் உள்ளே. ஏனோக்குக்கு மீன் ஆலையில் வேலை. வெளியே போனால் நம் மீனுக்கு வரி போட்டுத் தீர்த்துவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். பயமாக இருந்தாலும் மனைவி கூட்டத்தில் பேசும்போதெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சண்டை போடுவான்.

அந்தக் கூட்டங்களில் ஜூடிதா ஊருக்கு ஒரே ஒரு வாக்குத்தான் கொடுத்திருந்தாள். "அடுப்படி நமக்கு மட்டும்."

அடுப்படி என்பது பாமியூத்துக்கு எதிரே கடலுக்கடியில் இருக்கும் ஒரு மேடு. காட் மீன் அங்கே அப்படி நெருக்கியடித்துக் கிடக்கும். தூண்டிலை இறக்கினால் நான் முந்தி நீ முந்தி என்று மீன்களுக்குள் கைகலப்பே நடக்கும். ஊரில் எந்த வீட்டில் என்ன கொதித்தாலும் அங்கிருந்து வந்ததுதான் என்பதால் அந்த மேட்டுக்கு அப்படிப் பெயர். அதன் மேல்தான் ஜெர்மன் இழுவைக் கப்பல்கள் வந்து நின்றன. ஒவ்வொன்றும் பாமியூத் தேவாலயத்தை விடப் பெரிது. ஒரு வலையை வீசினால் ஊருக்கு ஒரு குளிர்காலம் காணாமல் போகும்.

ஆக, பிரஸ்ஸல்ஸுக்குப் போனாள். இப்போதும் கண்ணை மூடினால் அந்த ஊர் மழை அவளுக்குக் கேட்கும். குளிராத மழை! பனியாக மாறத் தெரியாத, சோம்பேறி மழை. பேச்சுவார்த்தை மேஜை அவ்வளவு நீளம், அந்தக் கடைசியில் ஒருவர் தும்மினால் இந்தக் கடைசியில் இருப்பவர் மறுநாள்தான் "நூறாயுசு" சொல்வார். அதில் கிரீன்லாந்துக்கென்று தனி நாற்காலி கிடையாது. டென்மார்க்கின் வாய் வழியாகத்தான் பேச வேண்டும். அந்த வாய் ப்ரேபன் என்ற அதிகாரி. நல்ல மனுஷன், சின்ன வயதில் கிரீன்லாந்தின் தலைநகர் நூக்கில் வளர்ந்தவர், சட்டமெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஒரே குறை, அவரால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாத்ரூம் போகாமல் இருக்க முடியாது.

எதிர்ப்பக்கம் மீன் விவகாரத்துக்கென்று உட்கார்ந்திருந்தவர் ஹைக்கோ ஓல்ட்மன். கப்பல்கார வம்சம். ஆள் ஒரு பீரோ. வடகடல் துறைமுகங்களில் திரிந்து டேனிஷ் மொழி நன்றாகவே பேசுவார். அவருடைய தொழில் ரகசியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மேஜையை விட்டு முதலில் எழுந்தவன் தோற்றவன். அவர் எழவே மாட்டார். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நார்வேக்காரர்களை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தே மயக்கம் போட வைத்தார் என்று கதை உண்டு.

ப்ரேபன் ஒவ்வொரு முறை எழுந்து போய்விட்டு வரும்போதும் வரைபடத்தில் கோடு கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

"கொஞ்சம் அடக்கிக்கக் கூடாதா ப்ரேபன்?" என்பாள் ஜூடிதா, வெளியே வந்ததும்.

"நான் ராஜதந்திரிம்மா, தண்ணித்தொட்டி இல்ல."

எல்லாம் பேசி முடித்தாயிற்று. கிரீன்லாந்து மீனுக்கு வரி கிடையாது. பதிலுக்கு அவர்களுடைய கப்பல்கள் கிரீன்லாந்துக் கடலில் இன்னின்ன இடத்தில் மீன் பிடித்துக்கொள்ளலாம், அதற்கு வருடா வருடம் கட்டணம். அந்த இன்னின்ன இடத்தில் அடுப்படி உண்டா இல்லையா என்பது மட்டும்தான் பாக்கி. திங்கட்கிழமை கடைசி அமர்வு. அன்றைக்கும் முடியாவிட்டால் அடுப்படி 'பொது' என்று எழுதிவிடுவதாக ஓல்ட்மன் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

சனிக்கிழமை ஏனோக் போன் செய்தான். கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் துள்ளியது.

"ஜூடிதா! எங்கம்மா பொறந்துட்டா!"

ஏனோக்கின் அம்மா போன இலையுதிர் காலத்தில்தான் செத்துப்போயிருந்தாள். இப்போது அவன் தங்கைக்குப் பெண் குழந்தை. பாட்டியின் பெயரை வைத்துவிட்டார்கள். கிரீன்லாந்தில் பெயர் யாருடையதோ, ஆளும் அவரேதான்.

"மறுபடியும் மாமியாரா? தாயே, இப்பதான் கொஞ்சம் மூச்சு விட்டேன்."

"மூஞ்சி அப்படியே உரிச்சு வெச்சிருக்கு. உன் பேரைச் சொன்னா அதே மாதிரி உதட்டைச் சுளிக்கிறா."

"பழக்கம் போகுமா?"

"அது கெடக்கட்டும், மந்திரியம்மா. அடுப்படி என்னாச்சு?"

"நாளன்னைக்கு முடிவு."

"இங்க கடையில கண்டவனெல்லாம் என்னைத்தான் கேக்குறான். உள்ள இருக்கலாம்னு ஓட்டுப் போட்டவன்கிட்ட வந்து கேக்குறானுங்க, வெக்கங்கெட்டவனுங்க."

"என்ன சொன்ன?"

"என் பொண்டாட்டி வெறுங்கையோட வந்தா வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு சொன்னேன்."

"விடுவ."

"நான் விடுவேன். ஊரு விடாதே, ஜூடிதா."

போனை வைத்துவிட்டு வரைபடத்தில் அடுப்படியை மறுபடி பார்த்தாள். ஆனாலும் மாமியார் பிறந்திருக்கிறாள். காஃபிமிக் வைக்காமல் இருக்க முடியாது. வீட்டில் விசேஷம் என்றால் கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காபியும் கேக்கும் கொடுக்க வேண்டும். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் சரி. தங்கியிருந்த விடுதிக்காரியிடம் கெஞ்சி அடுப்பைக் கடன் வாங்கி, விடிந்ததிலிருந்து கேக் சுட்டாள். ஆப்பிள் கேக், பெர்ரி கேக், உலர்திராட்சை ரொட்டி. பெட்டிக்கடியில் ஒளித்துக் கொண்டுவந்திருந்த திமிங்கிலத் தோலையும் துண்டு போட்டு வைத்தாள்.

காஃபிமிக்குக்கு யாரையும் தனித்தனியாகக் கூப்பிடுவதில்லை. கேள்விப்பட்டவர்கள் வருவார்கள். வாசலில் ஷூவைக் கழற்றுவார்கள், எல்லா கேக்கிலும் ஒரு வாய் சாப்பிடுவார்கள், அடுத்த ஆள் வந்ததும் தானாக எழுந்து இடம் விட்டுப் போய்விடுவார்கள். 'சரி, கிளம்புங்க' என்று சொல்லும் வழக்கம் கிடையாது. அதைவிட விருந்தாளியின் தலையில் கெட்டிலைக் கவிழ்த்துவிடலாம், அவமானம் குறைவு. கோப்பையைக் காலியாக விடுவதும் கிடையாது. தொழில் பேசுவது கிடையவே கிடையாது.

ஞாயிறு மதியம் வந்தார்கள். விடுதிக்காரி வந்தாள். டேனிஷ் குமாஸ்தாக்கள் வந்தார்கள். எந்தத் துறை என்றே தெரியாத ஒரு அயர்லாந்துக்காரர் வந்து, திமிங்கிலத் தோலை வாயில் போட்டுவிட்டு அழுதார். ப்ரேபன் வந்தார், ஒழுங்காகச் சாப்பிட்டார், கதவில் அடுத்த ஆள் தலை தெரிந்ததும் எழுந்தார்.

கதவில் தெரிந்தது ஹைக்கோ ஓல்ட்மன்.

கடைசி அமர்வுக்கு முந்தின நாள் எதிர்த்தரப்புப் பெண்மணி கதவைத் திறந்துவைத்து விருந்து வைக்கிறாள் என்றால் எந்த ராஜதந்திரிக்குத்தான் சும்மா இருக்க முடியும்? ப்ரேபன் காலி செய்த நாற்காலியைப் பார்த்தார். இங்கேயும் முதலில் எழுந்துவிட்டான் பார் என்பதுபோல் லேசாகச் சிரித்தார். ஷூவைக் கழற்றினார். ஒரு சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அவர் அசையவில்லை. ஜூடிதா காபி ஊற்றினாள். பெண்மணி ஊற்றுகிறாள், மறுத்தால் பலவீனம் என்று நினைத்தாரோ என்னவோ, குடித்தார். மறுபடி ஊற்றினாள். தண்ணீர்கூடத் தொடாத மனுஷன் ஒரு சின்ன ஏரியையே உள்ளே இறக்கினார்.

"மேடம், நாளைக்கு அமர்வு இருக்கு."

"இருக்கு. இந்த ஆப்பிள் கேக் எடுத்துக்குங்க."

"அந்த மேடு விஷயமா..."

"எங்க மாமியார் பொறந்திருக்காங்க. வேலை பேசக்கூடாது."

ஓல்ட்மன் நெடுநேரம் யோசித்தார். இது எந்த மாதிரி உத்தி என்று அவர் படித்த எதிலும் இல்லை.

சாயங்காலமாயிற்று. அறையில் இருவர் மட்டும். ஜூடிதாவுக்குக் கால் கடுத்தது. இந்த ஆள் எப்போது போவான் என்ற ஒரே நினைப்புதான் அவளுக்கு. பேச ஒன்றுமில்லை, பேசாமல் இருந்தாள். அவள் ஊரில் இரண்டு பேர் ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருந்து, வசந்தத்தில் நல்லா பேசிட்டிருந்தோம் என்று எழுந்து போவார்கள். ஓல்ட்மனுக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. ஒரு காலை மற்றதன் மேல் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். விடுதியின் பாத்ரூம் நடைபாதையின் கடைசியில் இருந்தது. போக வேண்டுமானால் எழுந்தாக வேண்டும்.

"சரி," என்றார் திடீரென்று. நெற்றியில் வியர்வை. "மேட்டோட தெற்குப் பாதி உங்களுக்கு."

கெட்டிலைப் பிடித்தபடி ஜூடிதா நின்றுவிட்டாள். இந்த மனுஷன் மாமியாரைப் பார்க்க வரவில்லை. நாற்காலிப் போட்டிக்கு வந்திருக்கிறார்! தன்னை இவள் பிடித்துவைத்திருக்கிறாள் என்று நினைக்கிறார்!

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஐயா, எங்க வழக்கப்படி நீங்க எப்பவோ போயிருக்கலாம் என்று. ஊர் கண்ணுக்கு முன்னால் வந்தது, கடையில் ஏனோக்கைச் சுற்றி நிற்கும் ஊர். விருந்தில் தொழில் பேசுவது தப்பு. அவள் ஒன்றும் பேசவில்லையே. குனிந்து, கோப்பையின் விளிம்பு வரைக்கும் நிதானமாக, நூல் மாதிரி, சத்தம் வர ஊற்றினாள்.

அந்தச் சத்தம்தான் அவரை முடித்துவிட்டது.

"முழுசும்!" ஓல்ட்மன் கிட்டத்தட்டக் கத்தினார். "அடுப்படி முழுசும் உங்களுக்கே. நாளைக்கு நானே சொல்றேன். சத்தியம். நான் எழுந்துக்கலாமா மேடம்?"

"ஐயோ, உங்களை யாரு புடிச்சு வெச்சது?"

அவர் ஓடிய வேகத்தில் திரைச்சீலைகள் கழன்று விழுந்தன. அப்பேர்ப்பட்ட பீரோ அப்படி ஓடி அவள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆனால் சொன்ன சொல் தவறவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். திங்கட்கிழமை வரைபடத்தில் அடுப்படியைச் சுற்றி அவரே கோடு போட்டார். நின்றுகொண்டே போட்டார்.

ஒப்பந்தம் கையெழுத்தானது. வெளியேறும் நாள் ஒரு பிப்ரவரியில் வந்தது. ஊரே துறைமுகத்தில் நின்று, எந்த நிமிஷத்தில் வெளியே வந்தோம் என்று தெரியாமல் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டது. ஓல்ட்மன் இப்போது இல்லை. ப்ரேபனும் போய்விட்டார். ஏனோக் போய் ஏழெட்டு வருடம் ஆகிறது. காட் மீனும் அதிக நாள் தங்கவில்லை. தண்ணீர் மாறிவிட்டது என்றார்கள், எல்லோருமாகச் சேர்ந்து வாரிவிட்டோம் என்றார்கள். ஓட்டெடுப்பு இல்லை, ஒப்பந்தம் இல்லை, ஒருநாள் பார்த்தால் அடுப்படி காலி. அந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் ஜூடிதாவுக்கு யாரோ வீட்டை ஒழித்துக்கொண்டு போன மாதிரி இருக்கும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு கோடை இருந்தது. வெளியே வந்த முதல் கோடை. இருட்டவே இருட்டாத ஒரு நாளில் அவளும் ஏனோக்கும் சின்னப் படகில் அடுப்படிக்குப் போனார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு பெரிய கப்பல் இல்லை. கடல் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"உள்ள இருக்கணும்னு ஓட்டுப் போட்டவன் இங்க மீன் புடிக்கலாமா, மந்திரியம்மா?"

"மனு போடு. பரிசீலிக்கிறேன்."

"வெளிய போனா வரி போட்டுருவாங்கன்னு பயந்தேன்."

"தெரியும். தூக்கத்துலகூட அதைத்தான் சொல்லுவ."

தூண்டில் இறங்கிய மறுநொடி ஏனோக்கின் கயிறு விறைத்தது. இழுத்தான். படகு சாய்ந்தது. மேலே வந்த மீன் அவன் இடுப்புயரம் இருந்தது. போன வருடம் ஜூடிதா சொன்னபோது தோளுயரம், இந்த வருடம் அவனைவிட ஒரு தலை உயரம். அதை இருவருமாகக் கட்டிப்பிடித்துப் படகுக்குள் தள்ளி, மூச்சு வாங்க அதன் மேலேயே சாய்ந்து சிரித்தார்கள்.

ஏனோக் முகத்திலிருந்த செதிலைத் துடைத்தான். கடலைப் பார்த்துக்கொண்டே, "நீ சொன்னதுதான் சரி" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் வராத வாக்கியம்.

"என்ன சொன்ன? காத்துல கேக்கல."

காற்றே இல்லை. அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

"ஒண்ணுமில்ல," என்றான் ஏனோக். "தூண்டிலைப் போடு."