எந்த ஊர்ப் பத்து மணி?

ஐந்தாவது முறையாக அழைத்தான் ஹேமிஷ். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கராஜுக்குள் கூண்டுப் புலியாக நடந்தவனின் காலில் ஹெட்செட் ஒயர் சிக்கியது. உதறினான்.

"எடு ஜசி... எடுத்துத் தொலை."

கம்ப்யூட்டர் விளையாட்டின் திரையில் கருங்கோட்டையின் கதவு திறந்து கிடந்தது. வாசலில் ராவிரியின் வீரன் கோடரியோடு தயார். ஜசிந்தாவின் இடம் காலி.

இன்று நண்பகலோடு இந்த ஆன்லைன் விளையாட்டின் சர்வரை நிரந்தரமாக நிறுத்துகிறார்கள். அதற்கப்புறம் கருங்கோட்டை எங்கேயும் கிடையாது. ஏழு வருடமாக மூன்று பேரும் முட்டி மோதியும் அதன் கடைசி அறையைத் தாண்டியதில்லை. இன்று தாண்டியே தீருவது என்று ஹேமிஷ் கங்கணம் கட்டியிருந்தான்.

இந்த ஒரு காலையைப் பிடிப்பதற்குள் அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அவன் குவீன்ஸ்லாந்தில் பிளம்பர். ஜசிந்தா விக்டோரியாவில் நர்ஸ். ராவிரி மேற்கே இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான். ஒருத்திக்கு டியூட்டி இல்லையென்றால் இன்னொருவனுக்கு நைட் ஷிப்ட்; இரண்டும் ஒத்து வந்தால் இவனை யார் வீட்டுக் குழாயோ கூப்பிடும்.

ஒருவழியாக ஜசிந்தா போனை எடுத்துவிட்டாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சல், தண்ணீர்ச் சத்தம்.

"எங்க இருக்க?"

"நீச்சல் குளத்துல. பொண்ணுக்கு கிளாஸ். அரை மணி நேரம் உக்காந்து பார்த்தேன், ஒருத்தனும் வரல. கிளம்பிட்டேன்."

"பத்து மணின்னுதானே போட்டேன்? இப்பதான் பத்து ஆகுது."

"எந்த ஊரு பத்து மணி?"

ஹேமிஷ் நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்டோபர் முதல் ஞாயிறு. கோடை வெளிச்சத்துக்காக விக்டோரியாக்காரர்கள் விடிவதற்குள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியிருப்பார்கள்; அங்கே இப்போது பதினொன்று. குவீன்ஸ்லாந்துக்காரன் தள்ள மாட்டான். அதிகப்படி வெயிலில் திரைச்சீலை வெளுத்துவிடும் என்று இன்னமும் கிண்டலுக்குச் சொல்லிக்கொள்கிற ஊர்.

"நீங்க ரெண்டு பேரும் கடிகாரத்தைத் திருகி முடிங்க மச்சான்," ஹெட்செட்டில் ராவிரியின் கரகரத்த குரல். "எனக்கு எட்டுதான் ஆகுது. ராத்திரி பூரா லாரி ஓட்டிட்டு கண்ணு எரியுது."

"ஜசி, வீட்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?"

"வீட்டுக்கு எதுக்கு? லேப்டாப் கார்லதான் கிடக்கு. உன் கணக்கை நம்பி நான் என்னைக்குடா வெளிய கிளம்பியிருக்கேன்? பொண்ணை அவ ஃப்ரெண்டோட அம்மாகிட்ட பார்த்துக்கச் சொல்லிட்டு வரேன்."

அவள் வருவதற்குள் ஹேமிஷின் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. யாருக்கோ கழிவறை அடைத்துக்கொண்டதாம். படித்தான். போனைக் கவிழ்த்து வைத்தான்.

மூன்று வீரர்களும் கடைசி அறைக்குள் நுழைந்தார்கள்.

நடுவே கல்லரசன், இரண்டு ஆள் உயரச் சுத்தியலோடு. மூன்று மூலையில் மூன்று கயிறு. மூவரும் உயிரோடிருந்து ஒரே நேரத்தில் இழுத்தால் கூரையிலிருக்கும் மணி அவன் தலையில் விழும். ஒருவர் செத்தாலும் ஆட்டம் காலி. செத்துத் தொலைப்பது எப்போதும் ராவிரிதான்.

"ராவி, இன்னைக்கும் நீ முதல்ல செத்தே, அங்க வந்து மிதிப்பேன்," என்றாள் ஜசிந்தா.

"விமான டிக்கெட் என்ன விலைன்னு தெரியுமா உனக்கு?"

முதல் அடி. ஹேமிஷ் உருண்டு தப்பினான். இரண்டாவது அடி கிளம்பும்போது, கார் நிறுத்தத்தின் அரைகுறை சிக்னலில் ஜசிந்தாவின் வீரன் அப்படியே உறைந்து நின்றுவிட்டான்.

"ஜசி, நகரு."

"நகர மாட்டேங்குதுடா."

ஹேமிஷ் தன் கயிற்றை விட்டுப் பாய்ந்து கேடயத்தை நீட்டினான். சுத்தியல் இறங்கியது. அவன் உயிர்க்கோடு நகக்கண் அளவுக்குச் சுருங்கியது. தவழ்ந்தபடியே தன் மூலைக்குத் திரும்பினான்.

அடுத்தது மூன்றாவது அடி. வலப்பக்கம் ஓங்குவதாகப் போக்குக் காட்டி இடப்பக்கம் விழும். ஏழு வருடமும் ராவிரியைக் கொன்றது இதுதான். ஹேமிஷ் மூச்சைப் பிடித்தான்.

சுத்தியல் அசைவதற்கு முன்பே ராவிரியின் வீரன் ஓரடி விலகி நின்றான். கல்லரசனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுத்தியல் வெறுந்தரையில் விழுந்தது.

"இழுங்க," என்றான் ராவிரி, அமைதியாக.

மூன்று கயிறும் ஒன்றாக இறங்கின. மணி விழுந்தது. கல்லரசன் தூள் தூளானான்.

பல்லாரட் நகரத்து நீச்சல் குள வாசலில் ஜசிந்தாவின் கார் ஹாரன் நீளமாக அலறியது. ஹேமிஷ் நாற்காலியில் சரிந்து தன்பாட்டுக்குச் சிரித்தான். கண் ஏன் கலங்குகிறது என்று அவனுக்கே தெரியவில்லை.

 ராவிரி பக்கமிருந்து அறை ஏசியின் இரைச்சல்தான் கேட்டது.

"ராவி," ஜசிந்தாவின் குரல் மெல்ல வந்தது. "அது எந்தப் பக்கம் விழும்னு பார்க்காமலே நகர்ந்தியே. எப்பிடி?"



"டேய், தூங்கிட்டியா?" என்றான் ஹேமிஷ்.

"இல்ல மச்சான்." ஒரு பெருமூச்சு. "நான் இதை அஞ்சு வருஷம் முன்னாடியே முடிச்சிட்டேன். இங்க சுரங்க கேம்ப்ல ரெண்டு பசங்களோட. அப்புறமும் நாலஞ்சு தடவை."

"அப்போ எங்களோட ஆடறப்ப மட்டும் ஏன்டா செத்தே?" என்றான் ஹேமிஷ்.

"வேணும்னேதான் செத்தேன். முடிஞ்சிடுச்சுன்னா அடுத்த தடவை வருவீங்களா நீங்க?"