கொழுந்தன் தோளில் இருந்த கை

பெயிண்ட் கடைக்காரர் வீட்டு முன்னறையில் மாட்டியிருந்த புகைப்படத்தில் ஒரு கை மட்டும் உயிரோடு இருந்தது. படத்தில் இருந்தவர் கடைக்காரரின் தம்பி, கடிகாரம் பழுது பார்த்தவர், மாரடைப்பில் போய்விட்டவர். அவர் இடது தோளில் பின்னாலிருந்து வந்து உட்கார்ந்திருந்த அந்தக் கை அவருடையதல்ல. படத்தைச் சுவரில் மாட்டுவதற்கு முன் கடைக்காரரின் மனைவி, தெருவுக்கெல்லாம் பெயிண்ட்டம்மா, துணி வெட்டும் கத்தரியால் கொழுந்தனுக்குப் பக்கத்தில் நின்ற ஆளை நேராக வெட்டி எடுத்துவிட்டார். கையையும் வெட்டலாம்தான், ஆனால் அதோடு கொழுந்தனின் தோளும் போயிருக்கும். சரி, கிடக்கட்டும் என்று விட்டார். மறுநாள் காலை அந்தக் கை கொழுந்தனின் கோட்டில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டது. அதே வாரத்தில்தான் வெள்ளை டிஸ்டம்பர் விலை ஏறியது. வீட்டில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

வருஷங்கள் ஓடின. படத்தில் கடிகாரக்காரர் அப்படியே இளமையாக இருக்க, கைக்கு மட்டும் நரம்பு தெரிந்தது, முட்டிகள் தடித்தன. கொசு வந்து உட்கார்ந்தால் கண்ணாடிக்கு உள்ளிருந்தே விரட்டும். வேலை இல்லாதபோது இரண்டு விரல்களைக் கத்தரிபோல ஆட்டி, கடிகாரக்காரரின் காதோரத்து முடியை வெட்டுவதாகப் பாவனை செய்யும். வந்தவர்கள் கேட்டால் கடைக்காரர், "ஸ்டுடியோக்காரர் கை. தம்பி ஆடாம நிக்கணும்னு பிடிச்சுக்கிட்டார்" என்பார். "அதான் படம் எடுத்து முடிச்சாச்சே, இன்னும் எதுக்குப் பிடிச்சுட்டு இருக்கார்?" என்று ஒருத்தர் கேட்டதிலிருந்து அவர் விருந்தாளிகளைப் படத்துக்கு முதுகு காட்டும் நாற்காலியில் உட்காரவைத்தார்.

மகளைப் பெண் பார்க்க வந்த அன்று நாற்காலிகள் போதவில்லை. மாப்பிள்ளையின் அம்மா படத்துக்கு நேரெதிரே உட்கார்ந்துவிட்டார். "என் கொழுந்தன் தங்கமானவர். கடைசி வரைக்கும் தனி ஆளாவே இருந்துட்டார்" என்று பெயிண்ட்டம்மா சொன்னதுதான் தாமதம், கை எழுந்து கடிகாரக்காரரின் காதைப் பிடித்து முறுக்கியது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு டீ மூக்கு வழியாக வந்தது. சம்பந்தம் என்னவோ நின்றுபோகவில்லை. படம்தான் சுவரில் நிற்கக்கூடாது என்றாகிவிட்டது. "நாளைக்கே குப்பையில போடறேன்" என்றார் பெயிண்ட்டம்மா. குப்பைக்குப் போகுமுன் மகள் படத்தைச் சட்டத்தோடு துண்டில் சுற்றி, சலவைக்கடை மாடிக்குக் கொண்டுபோனாள்.

அந்த மாடியில்தான் ஊரின் பால்புதுமையினர் ஆவணச் சேகரிப்பு இருந்தது. ஆணை விரும்பிய ஆண்கள், பெண்ணை விரும்பிய பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள் என்று வீட்டு ஆல்பங்களில் இடம் கிடைக்காத எல்லோருக்கும் அங்கே ஆளுக்கொரு அட்டைப்பெட்டி. முதல் ஊர்வலத்தில் அறுந்த செருப்பு, நாடகச் சீட்டுகள், பேட்ஜுகள், ஒரு தோழி இன்னொரு தோழிக்குப் பின்னிப் பாதியில் விட்ட ஸ்வெட்டர். நடத்தியவர் பெட்டியக்கா. அவர் முன்பு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்த்தவர். அந்தப் பழக்கத்தில், எந்தப் படத்தைக் கொடுத்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கைகளை எண்ணுவார். துண்டைப் பிரித்ததும், "ஆள் ஒண்ணு, கை மூணு. ஒரு கை அதிகமா இருக்கே" என்றார். கை அவருக்கு வணக்கம்போல ஒரு விரலைத் தூக்கியது. பெட்டியக்கா அதையும் குறித்துக்கொண்டார்.

யாருடைய கை என்று தெரியாமல் பெட்டியில் வைப்பது அங்கே வழக்கமில்லை. ஆகவே சேதி சொல்லி அனுப்பினார். ஊரே படியேறி வந்தது. கடிகாரக்காரரை ஒருதலையாக நினைத்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், "என் கைதான், சத்தியமா" என்று கண்ணாடியில் விரலை வைத்தார். கை அவரை 'போ, போ' என்று விரட்டியது. நாடகத்தில் ஒப்பனை செய்யும் திருநங்கை ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "என் கையா இருந்தா நகப்பூச்சு இல்லாம வெளியவே வந்திருக்காதுடி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

சலூன்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். சேகரிப்பு தொடங்கிய நாளிலிருந்து வாரம் தவறாமல் வந்து தரையைப் பெருக்கி, பெட்டிகளைத் தூசி தட்டி, மாதத்துக்கு ஒரு முறை பெட்டியக்காவுக்கு முடியும் வெட்டிவிட்டுப் போகிறவர். எல்லோருக்கும் அங்கே ஒரு பெட்டி இருந்தது, அவருக்கு இல்லை. கேட்டால், "வைக்க என்கிட்ட ஒண்ணுமே இல்லம்மா" என்பார். அன்று துடைப்பத்தோடு உள்ளே நுழைந்தவர் மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். படத்தில் முடி வெட்டிக்கொண்டிருந்த விரல்களும் அப்படியே நின்றன.

பெட்டியக்கா ஒரு முறை கையைப் பார்த்தார், ஒரு முறை அவரைப் பார்த்தார். பிறகு ஓடிப்போய் ஊர்வலப் படங்களை அள்ளி வந்து பரப்பினார். ஒவ்வொன்றிலும் பின்வரிசையில் சலூன்காரர். ஒவ்வொன்றிலும் இடது சட்டைக்கை காலியாகத் தொங்கியது. அத்தனை படத்துக்குப் பின்னாலும் பெட்டியக்காவின் கையெழுத்தில் ஒரே குறிப்பு: "சலூன்காரரைப் போலவே இருக்கும் ஒருவர். இடக்கை இல்லை." நேரில் சலூன்காரருக்குத்தான் இரண்டு கை இருக்கிறதே, ஆகவே இது வேறு ஆள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

"ஏண்ணே, மாசாமாசம் என் தலையை ரெண்டு கையாலயும் பிடிக்கிறீங்க. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"என்னன்னு சொல்றது? படத்துல மட்டும் ஒரு கை வரமாட்டேங்குதுன்னா? அவர் போன அன்னைக்கு வாசல்ல போய் நின்னேன். யாருன்னு கேட்டாங்க. அவருக்கு முடி வெட்டுறவன்னு சொன்னேன். அவரும் நானும் சேர்ந்து இருந்தோம்னு காட்ட ஒரே ஒரு படம்தான், அது அவர் வீட்டு ட்ரங்குப் பெட்டியில இருந்துச்சு."

இந்த நேரத்தில் பெயிண்ட்டம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். படம் எக்கேடு கெட்டும் போகட்டும், தேக்குச் சட்டம் திரும்பி வரவேண்டும் என்பது அவர் கட்சி. பெட்டியக்காவுக்கும் சட்டம் வேண்டாம். ஆணி துருப்பிடித்தால் படம் கெடும் என்று எந்தப் படத்தையும் சட்டத்திலிருந்து கழற்றித்தான் வைப்பார். ஆணிகளைப் பிடுங்கி, பின்பலகையைத் தூக்கினார். படத்தின் முதுகோடு முதுகாக ஒரு தடித்த தாள் செருகியிருந்தது. திருப்பினால், சிரித்துக்கொண்டிருக்கும் இளவயதுச் சலூன்காரர். ஒரு ஓரம் நெடுகக் கத்தரி வெட்டு.

"அதுவா? கண்ணாடி லொடலொடன்னு ஆடுச்சு. இறுக்கமா இருக்கட்டும்னு செருகினேன். நல்ல கெட்டித் தாள்" என்றார் பெயிண்ட்டம்மா.

சலூன்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "இத்தனை வருஷமும் அவர் முதுகுக்குப் பின்னாடியேவா இருந்தேன்?"

பெயிண்ட்டம்மா அவரை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். "வாசல்ல வந்து நின்னது நீங்கதானே? முடி வெட்டுறவன்னு சொன்னீங்க."

"அதுவும்தான்."

"மீதியையும் சொல்லியிருந்தா?"

"உள்ள விட்டிருப்பீங்களா?"

பெயிண்ட்டம்மாவுக்கு ஒரு பொய் வாய்வரை வந்தது. கை காதை நோக்கி நகர்வதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "மாட்டேன்" என்றார். பிறகு, "டீ கொடுத்திருப்பேன்" என்றார். கை கீழே இறங்கியது.

பெட்டியக்கா ஒட்டுவதற்கு விடவில்லை. பசை படத்தைத் தின்றுவிடும். இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனார். திரும்பி வந்தபோது வெட்டின கோட்டைக் காணவில்லை. இளைஞன் ஒருவன் வயதான கையால் கடிகாரக்காரரை அணைத்துக்கொண்டு நின்றான். ஊர்வலப் படங்களிலும் சட்டைக்கைகள் நிரம்பியிருந்தன. இத்தனை வருஷமாகப் படத்தில் வராத இடக்கை எல்லாப் படத்திலும் முன்னால் நிற்கிற யாராவது ஒருவர் தலைக்குப் பின்னால் இரண்டு விரலால் கொம்பு வைத்துக்கொண்டிருந்தது. "ஏண்ணே, இவ்வளவு குறிப்பையும் திருத்தி எழுதப் போறது யாரு?" என்று பெட்டியக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

பெயிண்ட்டம்மா சட்டத்தை எடுத்துக்கொண்டார். வெறும் சட்டத்தை என்ன செய்வது என்று படத்தின் பிரதி ஒன்றும் கேட்டு வாங்கினார். மகள் கல்யாணத்துக்கு அது முன்னறையில் மாட்டியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கேட்டபோது, "இது என் கொழுந்தன், இது அவரோட ஆளு. உங்களுக்கு இன்னொரு டீ?" என்றார். பிரதியில் கை கொஞ்சம் தாமதமாகத்தான் அசைகிறது. பிரதிதானே என்று யாரும் குறை சொல்வதில்லை.

அசல் சலவைக்கடை மாடியில், சலூன்காரர் பெயரில் உள்ள பெட்டியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே அதைத் தூசி தட்டுகிறார். பெட்டியக்கா படத்தின் பின்னால் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "ஆட்கள் இரண்டு. கைகள் நான்கு. ஒன்று அசையும்."