படகை விட்டவர்கள் பட்டியல்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அது பொய். கோபப்பட எனக்குக் காரணம் வேண்டும். அந்தத் திங்கட்கிழமை நாற்பத்தொரு காரணங்கள் ஒரே தாளில் வந்து சேர்ந்தன.

தாளை நீட்டியவர் எங்கள் மேலாளர். காயலுக்கு அக்கரையில் இருக்கும் கடலோரக் காப்புப் பகுதிகளில் நடைபாதையும் சைக்கிள் பாதையும் போட்டு, பலகை நட்டு, வரைபடம் அச்சிடுவது எங்கள் அலுவலகத்தின் வேலை. பாதைகளை அளப்பது நான். பதினொரு வருஷத்தில் இருபத்துமூன்று பாதைகள். எந்தப் பலகையிலாவது ‘நடக்க இவ்வளவு நேரம்’ என்று போட்டிருந்தால், அது என் கால்கள் சொன்ன நேரம்.

“மூணு மாசத்துல நாப்பத்தொரு பேர் கடைசிப் படகை விட்டிருக்காங்க மேடம். எல்லாரும் உங்க மணல்மேட்டுப் பாதைக்குப் போனவங்க” என்றார்.

“நாப்பத்தொரு சோம்பேறிங்க” என்றேன்.

“ஒவ்வொரு தடவையும் வனக்காவலர் ஜீப்பை எடுத்துட்டுப் போய் அள்ளிட்டு வர்றாரு. காயலைச் சுத்தி முப்பது கிலோமீட்டர். அந்த மனுஷன் இப்பல்லாம் என்னைப் பார்த்தாலே முறைக்கிறாரு. புது வரைபடம் அடுத்த வாரம் அச்சுக்குப் போகுது. அந்தப் பாதையை எடுத்துடலாம்னு இருக்கேன்.”

மற்ற இருபத்திரண்டும் மற்றவர்கள் போட்ட பாதைகள். மணல்மேட்டுப் பாதை மட்டும் நானே தேடிக் கண்டுபிடித்து, எந்தப் புதரை மிதிக்கக் கூடாது, எந்த மேட்டைச் சுற்றிப் போக வேண்டும் என்று ஒவ்வொரு முளைக்குச்சியையும் என் கையால் அடித்துப் போட்டது. வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டால் இரண்டே மழையில் அது புல் மண்டிக் காணாமல் போய்விடும். அந்தப் பாதை எனக்கு உயிர். இதை அலுவலகத்தில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் வேறு மாதிரி சொன்னேன்.

“என் நேரத்துல ஒரு நிமிஷம் தப்பு இருந்தா வேலையை விட்டுடறேன்.”

“வேலையெல்லாம் விட வேண்டாம். சனிக்கிழமை ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க. ஆபீஸ் ஆளா இருக்கக் கூடாது. அம்பது வயசைத் தாண்டியிருக்கணும். பலகையில இருக்கிற மாதிரியே ஒன்றரை மணிப் படகுல போய், அஞ்சரைக் கடைசிப் படகுல திரும்பி வந்துட்டீங்கன்னா பாதை இருக்கும். இல்லன்னா எடுத்துடுவோம்.”

வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. ஆகவே ஐம்பதைத் தாண்டியவர் என்று எனக்குத் தெரிந்தது என் நாத்தனார்தான். வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். வாய் ஓயாது, ஆனால் காலும் ஓயாது. வார்டுக்கும் வார்டுக்கும் நடுவே முப்பது வருஷமாக நடந்து உரமேறிய கால். பாதையின் உயிர் அந்தக் காலில்தான் இருக்கிறது என்று விளக்கிச் சொன்னேன்.

“வர்றேன். ஆனா என்னை விரட்டக் கூடாது” என்றார்.

சனிக்கிழமை ஒன்றே முக்கால் மணிக்குப் படகு எங்களையும் இரண்டு சைக்கிள்களையும் அக்கரைப் படகுத்துறையில் இறக்கிவிட்டது. கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சை அமுக்கினேன். என் கணக்கு மிகச் சுலபம். வரப்புப் பாதையில் ஒன்பது கிலோமீட்டர் சைக்கிள், முக்கால் மணி நேரம். மணல்மேட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஏழு கிலோமீட்டர் சுற்று நடை, இரண்டு மணி பத்து நிமிஷம். திரும்பிச் சைக்கிள் முக்கால் மணி நேரம். ஐந்து இருபத்தைந்துக்குப் படகுத்துறை. ஐந்து நிமிஷம் மிச்சம். அந்த ஐந்து நிமிஷத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

வரப்புப் பாதை சதுப்பு நிலத்தின் நடுவே போகிறது. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், எதிரே கடல் காற்று. அண்ணி மணியை அடித்துக்கொண்டே ஓட்டினார்.

“யாருக்கு மணி அடிக்கிறீங்க? இங்க யாருமே இல்லையே!”

“நண்டுக்கு. பாதையில எவ்வளவு குறுக்கே ஓடுது பாரு. நோயாளியா இருந்தாலும் நண்டா இருந்தாலும் சொல்லிட்டுத்தான் போகணும்.”

சொன்ன கையோடு சைக்கிளை நிறுத்தினார். ஒரு கை மட்டும் பெரிதாக இருந்த சிவப்பு நண்டு ஒன்று வளை வாசலில் நின்றுகொண்டு அந்தக் கையை ஆட்டி எங்களை மிரட்டியது. “எங்க பெரிய டாக்டர் மாதிரியே இருக்கு” என்றார். நான் ஸ்டாப்வாட்சை அமுக்கி நிறுத்தினேன். கிளம்பும்போது மறுபடி அமுக்கினேன்.

மணல்மேட்டில் ஏறியதும் நிற்பது இன்னும் கூடியது. மணலில் தரையோடு படரும் ஊதாப் பூக்கொடிக்கு ஒரு தடவை நின்றோம். மணலில் குழி பறித்து முட்டையிட்டிருந்த சின்னப் பறவை ஒன்று, எங்களைத் திசை திருப்ப இறக்கை ஒடிந்த மாதிரி நொண்டிக்கொண்டே ஓடியது. “நடிப்பைப் பாரு, லீவு கேக்க வர்ற என் நர்ஸுங்க தோத்தாங்க!” என்று அண்ணி சிரித்ததில் இன்னொரு தடவை. நியாயமாகச் சொல்ல வேண்டும், நானும் நின்றேன். போன மழைக்கு முன்னால் நட்ட என் முளைக்குச்சிகளில் ஒன்று சாய்ந்திருந்தது, அதை நிமிர்த்தினேன். ஒரு இடத்தில் முயல் தடம் இருந்தது, அது எங்கே போகிறது என்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் கட்டைவிரல் தானாகவே பொத்தானை அமுக்கியது. பதினொரு வருஷப் பழக்கம்.

பாதையின் பாதி வழியில் கடலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனை. அதுதான் உயரமான இடம். ஏறி நின்றதும் ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். ஒரு மணி ஐம்பது நிமிஷம். பலகையில் போட்டபடி அட்சரம் பிசகவில்லை. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

“அண்ணி, சரியா வந்துட்டோம்! மேலாளர் மூஞ்சியை நினைச்சாலே சிரிப்பா வருது. மணி இப்ப மூணு முப்பத்தஞ்சு.”

அண்ணி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நோயாளியிடம் பேசும் குரலில் சொன்னார்.

“மணி அஞ்சு ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்மா.”

“உங்க வாட்ச் ஓடலை.”

“முப்பது வருஷமா நாடி பார்க்கிற வாட்ச் இது. ஓடலைன்னா பாதி ஊரு இருந்திருக்காது.” பிறகு கழுத்தில் தொங்கியதைச் சுட்டிக்காட்டினார். “நானும் கேக்கணும்னு பார்த்துட்டே இருக்கேன். அதை ஏன் அப்பப்ப அமுக்கறே?”

“நின்னா நேரத்தை நிறுத்தணும். அது வேலை விதி. நடக்கிற நேரத்தைத்தான் பலகையில போடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே தாள்ல அடிச்சுக் குடுத்தாங்க.”

“ஓஹோ” என்றார். ஆரஞ்சுப் பழம் ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். ஒரு சுளையை வாயில் போட்டு மென்று முடித்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. “படகுக்காரருக்கு அந்த விதி தெரியுமா?”

நான் ஸ்டாப்வாட்சைக் கழுத்திலிருந்து கழற்றினேன்.

அளக்கப் போகும் நாட்களில் நான் வேறு கடிகாரம் கட்டுவதில்லை, குழப்பும் என்று. கைபேசி பைக்கு அடியில் கிடக்கும். காலையிலேயே அலுவலக ஜீப்பில் வந்து, வனக்காவலர் குடிசையில் தங்கி, மறுநாள் திரும்புவேன். பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அந்தப் படகைப் பிடிக்க வேண்டியிருந்ததில்லை. அந்த அழகில் மற்றவர்களுக்குப் படகு நேரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“முப்பத்தோரு தடவை அமுக்கி நிறுத்தினே. எண்ணிட்டுத்தான் வந்தேன்” என்றார் அண்ணி. “அதுல பத்தொன்பது நீ நின்னது. பாதி வழிக்கே ஒண்ணேகால் மணி நேரம் நின்னிருக்கோம். நாடி பார்க்கும்போது நடுவுல நிறுத்திட்டு, அப்புறமா ஆரம்பிச்சுக்கலாம்னு நான் நினைச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“ஓடினா பிடிச்சிடலாம்” என்றேன். எனக்கே அது நம்பும்படி இல்லை. இறங்க ஒரு மணி நேரம், சைக்கிளுக்கு முக்கால் மணி நேரம். தலைகீழாக நின்றாலும் நடக்காது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடல் காற்று என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அழுகைதான். என் பாதை போயிற்று.

அண்ணி ஆரஞ்சில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார். “ஒண்ணு செய்யலாம். கிழவி ஆமை மாதிரி நடந்தா, அதனாலதான் லேட்டுன்னு சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

சொல்லியிருக்கலாம். மேலாளர் நம்பியும் இருப்பார். ஆனால் அண்ணி நடந்தபோதெல்லாம் என் வேகத்துக்கே நடந்திருந்தார், ஸ்டாப்வாட்சே சாட்சி. அப்படியானால் அந்த நாற்பத்தொரு பேரும் சோம்பேறிகள் இல்லை. நண்டைப் பார்த்திருப்பார்கள். பூவைப் பார்த்திருப்பார்கள். பார்க்கத்தானே நான் பாதையே போட்டேன்! அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகை நிற்காமலே சிரிப்பு வந்தது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

நாங்கள் அவசரப்படவில்லை. ஐந்தரைக்குப் பாறை முனையிலிருந்தே பார்த்தோம்: காயலில் கடைசிப் படகு புகைவிட்டுக்கொண்டு எங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அண்ணி எழுந்து நின்று அதற்குக் கை காட்டினார்.

படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. ஜீப் ஏற்கெனவே விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தது. வனக்காவலர் குறிப்புப் புத்தகத்தோடு இறங்கினார். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

“மேடம்! நீங்களா!” நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். “நாப்பத்திரண்டு... நாப்பத்துமூணு. பேரு எப்படிப் போடறது? சுற்றுலாப் பயணின்னு போடட்டுமா?”

“போடுங்க” என்றேன். வழி முழுக்க மனிதர் சிரித்துக்கொண்டே ஓட்டினார். மூன்று மாதத்து வயிற்றெரிச்சலுக்கு அன்றைக்கு வட்டியோடு வசூல்.

திங்கட்கிழமை மேலாளர் முன்னால் நின்றேன். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை.

“படகை விட்டுட்டோம். தப்பு பாதை மேல இல்ல, என் மேல. நின்ன நேரத்தை நான் எண்ணவே இல்ல. காலையில எட்டு மணிப் படகுல வரச் சொல்லிப் பலகையை மாத்தினா ஒருத்தரும் கடைசிப் படகை விட மாட்டாங்க. நடக்கிற நேரம் தனியா, நின்னு பார்க்கிற நேரம் தனியா, ரெண்டையும் போடுவோம்.”

அவர் பேனாவை மூடினார். “அப்ப மத்த இருபத்திரண்டு பாதை?”

இந்தக் கேள்விக்குத்தான் இரண்டு இரவாக நான் தூங்கவில்லை. “அதுவும் தப்புதான் சார். எல்லாமே அதே விதிப்படி அளந்தது.”

பதினொரு வருஷ வேலை. அவர் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு அடித்து வைத்திருந்த வரைபடத்தை எடுத்து, என் மணல்மேட்டுப் பாதையின் மேல் இருந்த கோட்டை ரப்பரால் நிதானமாக அழித்தார்.

“நான் பத்து வருஷமா இந்தச் சீட்டுல இருக்கேன். நானும் படகுல போய்ப் பார்த்ததில்ல” என்றார். “எல்லாத்தையும் மறுபடி அளந்துடுங்க. கூட யாரைக் கூட்டிட்டுப் போவீங்க?”

அந்தக் கவலையே எனக்கு இல்லை. அண்ணி ஞாயிற்றுக்கிழமையே ஆஸ்பத்திரி டியூட்டிப் பட்டியலைத் திருத்தி, தன் விடுமுறை முழுவதையும் சனிக்கிழமைகளாக மாற்றி வைத்திருந்தார். ஸ்டாப்வாட்ச் என் மேஜை டிராயருக்குப் போனது. அண்ணியின் கைக்கடிகாரத்தை வைத்துத்தான் அளக்கிறோம்.

மூன்று மாதம் கழித்து மேலாளர் மறுபடி ஒரு தாளை நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“பார்த்தீங்களா மேடம்! மூணு மாசத்துல படகை விட்டவங்க ரெண்டே ரெண்டு பேர்தான்!” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்த ரெண்டு பேரும் யாருன்னுதான் புரியலை, சுற்றுலாப் பயணின்னு மட்டும் போட்டிருக்கு. எட்டு மணிப் படகுல போயும் விட்டிருக்காங்க.”

எனக்குப் பெயர் தேவைப்படவில்லை. போன சனிக்கிழமை அண்ணியும் நானும் போன பாதையில், ஒரு நாரைக் கூட்டில் ஒரு குஞ்சு முதல் தடவையாகப் பறக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கிளையின் நுனிக்கு வரும், கீழே பார்க்கும், திரும்பப் போய்விடும். மதியத்திலிருந்து சாயங்காலம் வரைக்கும் இதேதான். அதைப் பாதியில் விட்டுவிட்டு எப்படி வருவது?

“சோம்பேறிங்களா இருப்பாங்க சார்” என்றேன்.