மாமாவின் பூட்ஸ்

ஜெயந்தனைக் கட்டிக்கொண்டு உன்னிச்சைக் கிராமத்துக்கு வந்துவிட்ட மார்லீனுக்கு, டிசம்பர் பிறந்தால் நெதர்லாந்து ஞாபகம் வந்துவிடும். அங்கே பிள்ளைகள் காலில் போடும் சப்பாத்துக்குள் குதிரைக்குத் தீனி வைத்துவிட்டுப் படுப்பார்கள். வெள்ளைக் குதிரையில் வரும் கிழப் புனிதர் தீனியை எடுத்துக்கொண்டு இனிப்பை வைத்துவிட்டுப் போவார்.

பகல் சாப்பாட்டின்போது அவள் இதைச் சொல்லி, இங்கேயும் அப்படிச் செய்வோம் என்றதும் மாமனார் நல்லரத்தினத்துக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"செருப்புக்குள்ள திங்கிற சாமானா? ஊரே சிரிக்கும் மகள்!"

"வாசலுக்கு வெளியிலதானே மாமா."

"வெளிய வெச்சா மட்டும் செருப்பு சோத்துப் பீங்கான் ஆகிருமா?"

மார்லீன் விடுவாளா? அன்று மாலையே தன்னுடைய செருப்பையும் ஜெயந்தனுடையதையும் கழுவித் துடைத்து வாசற்படியில் வைத்தாள்.

விடியற்காலையில் இனிப்புப் பொதியோடு கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். செருப்புகளுக்குப் பக்கத்தில், மாமா வயலுக்குப் போடும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் சேறு போகத் தேய்த்துக் கழுவி நிறுத்தப்பட்டிருந்தது. பொதி முழுவதையும் கொட்டினாலும் அதன் அடி நிறையாது. சிரித்துக்கொண்டே உள்ளே கையை விட்டாள். அவளே மறந்துபோயிருந்த குதிரைத் தீனி கையில் தட்டுப்பட்டது. வயல் வரம்பில் அறுத்த பச்சைப் புல்.

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது.

"குதிரை தின்னாட்டி மாட்டுக்குப் போடு மகள். ஆனா இனிப்ப முதல்ல வை."